தமிழில் காற்புள்ளி: தகராறுள்ள இடங்களும் தீர்க்கும் வழியும்

ஒரே கட்டுரையை நான்கு பேரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தால், எழுத்துப்பிழைகளில் நால்வரும் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். காற்புள்ளியில் ஒத்துப்போக மாட்டார்கள். ஒருவர் போட்டதை அடுத்தவர் எடுப்பார், எடுத்ததை மூன்றாமவர் திரும்பப் போடுவார். இது அவர்களுடைய குறை இல்லை. தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் காற்புள்ளிக்கு விதி கிடையாது, ஏனென்றால் அந்தக் குறியே அப்போது இல்லை. ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் இடாமல்தான் எழுதினார்கள். காற்புள்ளி ஐரோப்பியர் கொண்டுவந்த அச்சோடு வந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்களின் உரைநடைப் பதிப்புகள் வழியாக வேரூன்றியது. பள்ளி இலக்கணப் புத்தகங்கள் பிறகு சில விதிகளைத் தொகுத்துத் தந்தன. அவற்றில் பல நல்ல விதிகள். சில ஆங்கில வாக்கியத்துக்குப் பொருந்துபவை, தமிழுக்குப் பொருந்தாதவை.

ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம்தான் அதன் வேலையைச் சொல்கிறது. அதனால் எது எங்கே முடிகிறது என்று காட்ட அங்கே காற்புள்ளி நிறையத் தேவைப்படுகிறது. தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபும், எச்சமும், உம்மையும் ஏற்கெனவே செய்துவிடுகின்றன. எனவே தகராறு எழும் எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் போதும்: உருபும் ஈறும் முடித்துவிட்ட வேலையைக் காற்புள்ளி மறுபடி செய்யக் கூடாது. ஒரு சொல் தனக்குரிய சொல்லை விட்டுப் பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் அது வேண்டும்.

செய்முறை இப்படி. முதலில் பத்தியில் உள்ள காற்புள்ளிகளை எல்லாம் நீக்கிவிட்டு ஒரே மூச்சில் வாசியுங்கள். எந்தச் சொல் தவறான இடத்தில் ஒட்டுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அடுத்து, சொல்லின் இடத்தை மாற்றிப் பாருங்கள். பாதிச் சிக்கல் இதிலேயே தீர்ந்துவிடும். இடம் மாற்றினால் அழுத்தமோ ஓட்டமோ கெடுகிறது என்றால் மட்டும் காற்புள்ளி போடுங்கள். போட்ட பிறகு, அதற்கு முன்னால் உள்ள சொல்லின் கடைசியில் மிகுந்திருக்கும் ஒற்றை (க், ச், த், ப்) சரிபாருங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒற்றும் காற்புள்ளியும் சேர்ந்து வராது

வல்லினம் மிகுவது இரண்டு சொற்கள் இடைவெளியில்லாமல் தொடர்ந்து ஒலிப்பதால். காற்புள்ளி அந்தத் தொடர்ச்சியை வெட்டுகிறது. ஆகவே இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

ஓடிக் களைத்துத் திரும்பினான்.
ஓடி, களைத்து, திரும்பினான்.

இரண்டும் சரி. முதலாவது ஒரே ஓட்டமாக நடந்ததைச் சொல்கிறது; இரண்டாவது ஒவ்வொரு செயலையும் தனியே நிறுத்திக் காட்டுகிறது. ‘ஓடிக், களைத்துத், திரும்பினான்’ என்று எழுதுவதுதான் பிழை. முதலில் ஒற்றோடு எழுதிவிட்டு, பிறகு திருத்தும்போது காற்புள்ளியைச் செருகுவதால் இது நேர்கிறது.

இந்த உறவைப் புரிந்துகொண்டால் நுட்பமான ஒரு கருவி கையில் கிடைக்கும். கீழே உள்ள இரண்டையும் பாருங்கள்:

அவனுக்குத் தெரிந்தவர் உதவினார்.
அவனுக்கு, தெரிந்தவர் உதவினார்.

முதல் வாக்கியத்தில் உதவியவர் அவனுக்கு அறிமுகமானவர். யாருக்கு உதவினார் என்பது சொல்லப்படவில்லை. இரண்டாவதில் உதவி பெற்றவன் அவன். ‘த்’ இருந்தால் அடுத்த சொல்லோடு உறவு, காற்புள்ளி இருந்தால் தள்ளி நிற்கும் வினையோடு உறவு. ‘கடிதத்தைப் படித்தவுடன் கிழித்தான்’, ‘கடிதத்தை, படித்தவுடன் கிழித்தான்’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடும் இதே வகை. ஒற்றையும் விட்டு, காற்புள்ளியையும் விட்டு ‘அவனுக்கு தெரிந்தவர் உதவினார்’ என்று எழுதினால் வாசகருக்கு எந்தத் தடயமும் இல்லை. சந்தியை வெறும் அழகு என்று நினைத்து விட்டுவிடுபவர்கள், காற்புள்ளியின் பாதி வேலையை அதுதான் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உம்மை வந்த பட்டியல்

‘அண்ணனும், தம்பியும், தங்கையும் வந்தார்கள்’ என்று பலர் எழுதுகிறார்கள். இங்கே காற்புள்ளிக்கு வேலை இல்லை. ‘உம்’ என்பதே எண்ணும் இடைச்சொல். ஒவ்வொன்றையும் பிரித்தும் சேர்த்தும் அதுவே காட்டிவிடுகிறது. ‘அண்ணனும் தம்பியும் தங்கையும் வந்தார்கள்’ என்பதே போதும்.

ஆனால் உறுப்பு ஒவ்வொன்றும் நீளமான தொடராக இருந்தால் நிலைமை வேறு:

முதல் படியைத் தட்டச்சு செய்தவரும், அதை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை குறித்தவரும், குறித்த பிழைகளைக் கணினியில் திருத்தியவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

இதில் காற்புள்ளியை எடுத்தாலும் பொருள் மாறாது. கண் இளைப்பாற இடம் கிடைக்காது, அவ்வளவுதான். உறுப்பு மூன்று சொல்லைத் தாண்டினால் போடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டியலில் ஓர் இடத்தில் போட்டு இன்னோர் இடத்தில் விடாதீர்கள், அதுதான் உறுத்தும்.

உம்மை இல்லாத பட்டியல்

இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்களை வரிசையாக வைப்பதைச் செவ்வெண் என்பது மரபு. அப்படி வைத்தால் கடைசியில் தொகைச்சொல் வர வேண்டும் என்கிறது நன்னூல். காற்புள்ளி இல்லாத காலத்து விதி இது. இன்றைக்கும் பட்டியலை எங்கே முடிப்பது என்ற தகராறை இதைவிடத் தெளிவாகத் தீர்க்கும் விதி இல்லை. 

எழுத்து, சொல், பொருள் ஆகிய மூன்றும்
எழுத்து, சொல், பொருள் என மூன்று

பெயர்களுக்கு இடையில் காற்புள்ளி வரும். கடைசிப் பெயருக்கும் ‘ஆகிய’ என்பதற்கும் நடுவில் வராது. ‘எழுத்து, சொல், பொருள், ஆகிய மூன்றும்’ என்று போட்டால் ‘ஆகிய’ என்பதும் பட்டியலின் நான்காம் உறுப்புபோல் தனித்து நிற்கும். ‘முதலிய’, ‘போன்ற’, ‘உள்ளிட்ட’ என்பவற்றுக்கும் இதுவே.

தொகைச்சொல்லை விட்டுவிட்டு உருபைக் கடைசிப் பெயரில் மட்டும் ஏற்றுவது இன்னொரு தகராறு: ‘கதை, கவிதை, கட்டுரையில் இந்தச் சொல் வருகிறது’. தலைப்புக்கும் சுருக்கக் குறிப்புக்கும் இது சரி. பத்திக்குள் எழுதும்போது ‘கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றில்’ என்றோ ‘கதையிலும் கவிதையிலும் கட்டுரையிலும்’ என்றோ எழுதுங்கள். உருபு இல்லாமல் நிற்கும் முதல் இரண்டு பெயர்களும் எதற்காக நிற்கின்றன என்று வாசகர் கடைசிவரை காத்திருக்க வேண்டிய நிலை அப்போது வராது.

‘மற்றும்’ தரும் தொல்லை

‘அ, ஆ மற்றும் இ’ என்பது ஆங்கிலப் பட்டியலின் அச்சு. அதோடு ஆங்கிலத்தின் சண்டையும் கூடவே வந்துவிட்டது: கடைசி உறுப்புக்கு முன்னால், அதாவது ‘மற்றும்’ என்பதற்கு முன்னால், காற்புள்ளி உண்டா இல்லையா? ஆங்கிலத்தில் இதை ஆக்ஸ்ஃபோர்டு காற்புள்ளி என்கிறார்கள். சிகாகோ நடைக் கையேடு போடச் சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் கையேடு எளிய பட்டியலில் வேண்டாம் என்கிறது.

அந்த ஒரு குறி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு நல்ல சான்று. மிகைநேர ஊதியம் யாருக்குக் கிடையாது என்று சொல்லும் சட்டத்தில் பதப்படுத்துதல், உறையவைத்தல், சேமித்தல் என்று ஒரு வேலைப் பட்டியல் இருந்தது. அதன் முடிவில் ‘அனுப்புவதற்கு அல்லது விநியோகத்துக்குப் பொதிதல்’ என்றும் படிக்கலாம், ‘அனுப்புவதற்குப் பொதிதல் அல்லது விநியோகித்தல்’ என்றும் படிக்கலாம் என்பதுபோன்ற தொடர். நடுவில் காற்புள்ளி இல்லை. பால் நிறுவனம் ஒன்றின் வண்டி ஓட்டுநர்கள், தாங்கள் விநியோகிப்பவர்கள், பொதிபவர்கள் அல்லர், ஆகவே இந்த விலக்கு தங்களுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது உறுப்புகளுக்கு இடையில் அரைப்புள்ளி போட்டார்கள்.

இப்போது மேலே தந்த தமிழ்த் தொடர்கள் இரண்டையும் மறுபடி பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரே தொடராக இருந்ததைத் தமிழில் இரண்டாகத்தான் சொல்ல முடிகிறது. ‘பொதிதல்’ எங்கே நிற்கிறது, ‘விநியோகம்’ எந்த உருபை ஏற்கிறது என்பதே பொருளைப் பிரித்துவிடுகிறது. இந்த வசதியை வைத்துக்கொண்டே ‘மற்றும்’ போட்டு நாம் அதே குழப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறோம்:

பதிப்பு, அச்சு மற்றும் விற்பனைப் பிரிவுகள்

பிரிவுகள் இரண்டா, மூன்றா? ‘மற்றும்’ என்பதற்கு முன்னால் காற்புள்ளி போட்டால் மூன்று என்று ஊகிக்கலாம், ஆனால் உறுதி இல்லை. ‘பதிப்பு, அச்சு, விற்பனை ஆகிய மூன்று பிரிவுகள்’ என்று எழுதுங்கள். அச்சும் விற்பனையும் ஒரே பிரிவு என்றால் ‘பதிப்புப் பிரிவும் அச்சு-விற்பனைப் பிரிவும்’ என்று எழுதுங்கள். ‘மற்றும்’ என்பதை அதன் பழைய பொருளில், ‘மற்றும் பலர்’ என்பதுபோல், வைத்துக்கொள்வதே நல்லது. ஒரு நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே ‘மற்றும்’ இருந்தால் மட்டும் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

எழுவாய்க்குப் பின்னால்

செய்தி எழுதுபவர்களிடம் மிகவும் பரவியிருக்கும் பழக்கம் இது. எழுவாயைச் சொன்னதும் ஒரு காற்புள்ளி. பல இடங்களில் வீண். சில இடங்களில் உயிர்நாடி. சில இடங்களில் ஆபத்து. மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

‘ஆசிரியர், பாடம் நடத்தினார்’ என்பதில் அது வீண். எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவில் காரணம் இல்லாமல் வெட்டக் கூடாது.

உயிர்நாடியான இடம்:

அவர், தான் நாளை வருவதாகச் சொன்னார்.
அவர்தான் நாளை வருவதாகச் சொன்னார்.

முதலாவதில் ‘தான்’ அவரையே குறிக்கும் பெயர். இரண்டாவதில் அது தேற்ற இடைச்சொல். சொன்னது வேறு யாருமல்ல, அவரே. இடைச்சொல்லாக வரும் ‘தான்’ என்பதைச் சேர்த்தே எழுதுங்கள், பெயராக வரும்போது காற்புள்ளி போட்டுப் பிரியுங்கள். ‘அவர் தான் நாளை வருவதாக’ என்று இடைவெளி மட்டும் விட்டு எழுதினால் வாசகர் ஊகிக்க வேண்டியதுதான்.

ஆபத்தான இடம்:

தலைவர், செயலாளர் விலகியது தனக்குத் தெரியாது என்றார்.

கண் முதலில் ‘தலைவர், செயலாளர்’ என்று இருவரையும் பட்டியலாக வாசிக்கும். ‘விலகியது’ வரை போய், ‘தனக்கு’ என்ற இடத்தில் இடறித் திரும்பி வரும். எழுவாயை அடுத்து இன்னொரு பெயர் வந்தால் அந்தக் காற்புள்ளி பட்டியல் குறியாக மாறிவிடும். இங்கே காற்புள்ளியை எடுத்தாலும் தீராது. இடத்தைத்தான் மாற்ற வேண்டும்: ‘செயலாளர் விலகியது தனக்குத் தெரியாது என்று தலைவர் சொன்னார்.’

எச்சத்துக்குப் பின்னால்

பள்ளி விதிப்படி வினையெச்சத்துக்குப் பின் காற்புள்ளி வரலாம். வரலாம் என்பதைப் பலர் வர வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘மழை பெய்தால், ஆட்டம் நிற்கும்’ என்பதில் ‘ஆல்’ என்ற ஈறே நிபந்தனையை முடித்துவிட்டது, காற்புள்ளி மிகை. எச்சம் வேறு வினையோடு ஒட்டப் பார்க்கும்போதுதான் அது வேண்டும்:

நான் அழுதுகொண்டே ஓடிய குழந்தையைப் பிடித்தேன்.

அழுதது யார்? குழந்தை என்றால் ‘அழுதுகொண்டே ஓடிய குழந்தையை நான் பிடித்தேன்’ என்று மாற்றுங்கள். அழுதது நான் என்றால் ‘நான் அழுதுகொண்டே, ஓடிய குழந்தையைப் பிடித்தேன்’ என்று போடலாம். ‘ஓடிய குழந்தையை நான் அழுதுகொண்டே பிடித்தேன்’ என்பது இன்னும் உறுதி. பெயரெச்சம் ஏறிய பெயர் வாக்கியத்தின் நடுவில் இருந்தால் அதற்கு முன்னால் நிற்கும் எச்சத்தையும் காலச்சொல்லையும் கட்டாயம் சோதியுங்கள். ‘நேற்று இறந்துபோனவரின் மகன் வந்தான்’ என்பதில் நேற்று நடந்தது இறப்பா, வருகையா? ‘இறந்துபோனவரின் மகன் நேற்று வந்தான்’ என்று எழுதினால் காற்புள்ளியைத் தேடவே வேண்டாம்.

துணைவினைக்கு முன்னால் எந்நாளும் வெட்டக் கூடாது. ‘படித்துப் பார்த்தான்’ என்பது படிக்க முயன்றதையும் சொல்லும். ‘படித்து, பார்த்தான்’ என்றால் அவை இரண்டு தனிச் செயல்கள்.

வினைமுற்றுகளைக் காற்புள்ளியால் கோப்பது இன்னொரு விவாதம். ஆங்கிலத்தில் அது பொதுவாகப் பிழை. தமிழில் ‘கதவு திறந்தது, காற்று நுழைந்தது, விளக்கு அணைந்தது’ என்று குறுகிய, ஒரே அமைப்புள்ள முற்றுகளை அடுக்கலாம், அழகாகவே இருக்கும். நீளமான இரண்டு வாக்கியங்களை இப்படி ஒட்டாதீர்கள். முற்று வந்தால் வாக்கியம் முடிந்தது என்றுதான் தமிழ்க் காது எடுத்துக்கொள்கிறது. அங்கே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ போடுங்கள், அல்லது முதல் முற்றை எச்சமாக்குங்கள்.

தொடக்கச் சொற்கள்

ஆனால், எனவே, ஆகவே, இருப்பினும் ஆகியவை வாக்கியத்தின் முதலில் வந்தால் காற்புள்ளி போட வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. தேர்வுத்தாளில் அதன்படியே எழுதுங்கள். மற்ற எழுத்தில், குறுகிய வாக்கியத்துக்கு முன்னால் விட்டுவிடலாம். விடக் கூடாதவை இரண்டு பொருள் தரும் சொற்கள்:

மேலும் இரண்டு பேர் வந்தனர்.
மேலும், இரண்டு பேர் வந்தனர்.

முதலாவதில் முன்பே சிலர் வந்திருக்கிறார்கள். இப்போது கூடுதலாக இருவர். இரண்டாவதில் ‘மேலும்’ என்பது முந்தைய செய்தியோடு இணைக்கும் சொல், வந்தவர்களே இருவர்தான். ‘பொதுவாக’ என்பதும் இப்படியே. ‘பொதுவாகப் பேசினார்’ என்றால் யாரையும் குறிப்பிடாமல் பேசினார்; ‘பொதுவாக, பேச மாட்டார்’ என்றால் வழக்கமாகப் பேசாதவர்.

விளி

இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ‘தம்பி எங்கே போனான்?’ என்றால் தேடப்படுபவன் தம்பி. ‘தம்பி, எங்கே போனான்?’ என்றால் தம்பியிடம் வேறு ஒருவனைப் பற்றிக் கேட்கிறோம். பேச்சில் குரல் செய்வதை எழுத்தில் இந்தக் குறி மட்டும்தான் செய்ய முடியும். உரையாடலிலும் குறுஞ்செய்தியிலும் அதிகம் விடுபடுவதும் இதுதான்.

மேற்கோள்

‘“நாளை வருகிறேன்,” என்றார்’ என்று மேற்கோளுக்குள் காற்புள்ளி போட்டு மூடுவது ஆங்கில வழக்கு. அமெரிக்கர்கள் எப்போதும் உள்ளே வைப்பார்கள். பிரிட்டிஷ் நடையில், குறி மேற்கோளுக்கு உரியதா என்று பார்த்து வைப்பார்கள். தமிழில் ‘என்று’, ‘என’, ‘என்றார்’ ஆகியவையே மேற்கோளின் எல்லையைக் காட்டிவிடுவதால் ‘“நாளை வருகிறேன்” என்றார்’ என்பதே நிறைவானது. வினாக்குறியும் வியப்புக்குறியும் மட்டும் பேசியவருக்கு உரியவை. அவை உள்ளேயே இருக்கட்டும். புனைகதைப் பதிப்பாளர் உள்ளே போடும் வழக்கம் வைத்திருந்தால் அதைப் பின்பற்றலாம். நூல் முழுவதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எண்கள்

ஒரு லட்சத்தை 1,00,000 என்றும் 100,000 என்றும் எழுதுகிறார்கள். லட்சம், கோடி என்று சொல்லும் கட்டுரையில் முதல் முறை. மில்லியன் கணக்கில் பேசும் கட்டுரையில் இரண்டாவது. ஒரே அட்டவணையில் இரண்டையும் கலந்தால் பூஜ்யத்தை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆண்டுக்குக் காற்புள்ளி கிடையாது: 2018, 2,018 அல்ல. எண்களையே பட்டியலிடும்போது எண்ணுக்குள் உள்ள காற்புள்ளிக்குப் பின் இடைவெளி வராது, பட்டியல் காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி வரும். அப்போதும் மயங்கினால் அரைப்புள்ளிக்கு மாறுங்கள்: 1,200; 350; 12,000.

தட்டச்சில், காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி விடவே கூடாது. விட்டால் திரையின் அகலம் மாறும்போது குறி மட்டும் தனியே பிரிந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். முழுக் கோப்பையும் திருத்தி முடித்த பிறகு, தேடும் பெட்டியில் ஓர் இடைவெளியும் காற்புள்ளியும் சேர்த்துக் கொடுத்து ஒருமுறை தேடுங்கள். பிறகு ‘க்,’ ‘ச்,’ ‘த்,’ ‘ப்,’ என்ற நான்கையும் தனித்தனியே தேடுங்கள். அகப்படுபவற்றில் பெரும்பாலானவை, காற்புள்ளியைச் செருகியபோது எடுக்க மறந்த ஒற்றுகளாகவே இருக்கும்.